வீட்டுச் சர்வரில் டாக்கர் செயலிகளை நம் வசதிக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

போன ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தான் போன் பண்ணினார். "ஏ மாப்ள, நான் உள்ள போயி மாத்துனதெல்லாம் ராத்திரி அப்டேட் போட்டதும் காணாமப் போச்சுல. பழையபடியே நிக்கி."

"உள்ள போயி" என்று அவர் சொன்னதிலேயே கோளாறு எது என்று தெரிந்துவிட்டது. அன்று ஒன்றரை மணி நேரம் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். டாக்கரை நிறுவி, ஏதோ ஒரு செயலியை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்தவர்களுக்கானது இது. டாக்கரை நிறுவுவது எப்படி என்று இதில் கிடையாது.

கட்டளைகளை அத்தானுக்குச் சொன்ன மாதிரியே உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். 'மைனஸ்' என்றால் சிறு கோடு, 'டாட்' என்றால் புள்ளி, 'அண்டர்ஸ்கோர்' என்றால் அடிக்கோடு. மாறிகளின் பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து, வார்த்தைகளுக்கு நடுவில் அடிக்கோடு.

எதற்கு இந்தப் பெட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை உள்ளே வந்தது. மீனாட்சிபுரத்தில் சித்தி வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பத்திரங்கள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. சேரன்மகாதேவி வயலின் மூலப்பத்திரம், தீர்வை ரசீதுகள், ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் என்று எல்லாவற்றையும் மின்விசிறிக் காற்றில் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டையில் என் வீட்டில் ஒரு மினி பிசியும், அம்பையில் அத்தான் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் சர்வராக மாறின. இரண்டிலும் டெபியன் லினக்ஸ், டாக்கர், அதற்குமேல் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ். ஸ்கேன் செய்த தாள்களை வாசித்து, தேடக் கொடுக்கும் இலவச மென்பொருள் அது. அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளுக்கு), இம்மிச் (படங்களுக்கு), ஜெல்லிஃபின் (வீடியோவுக்கு) என்று நீங்கள் எதை ஓட்டினாலும் வழி இதுதான்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்காதீர்கள்

கன்டெய்னர், அதாவது டாக்கர் ஒரு செயலியை ஓட்டும் தனிப்பெட்டி, வாடகை வீடு மாதிரி. அப்டேட் போடுவதை அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, புது இமேஜை (செயலியின் தயார் அச்சை) வைத்து அதே இடத்தில் இன்னொரு வீட்டை எழுப்புகிறார்கள். சுவரில் நாம் அடித்த ஆணி அதோடு போகும். நாம் கொண்டுவந்த பெட்டி, படுக்கைதான் நம்மோடு வரும்.

அத்தான் கன்டெய்னருக்குள் நுழைந்து, அங்கிருந்த அமைப்புக் கோப்பைத் திருத்திவிட்டு வந்திருக்கிறார். அது இரண்டு மாதம் வேலையும் செய்திருக்கிறது. ஆளை ஏமாற்றுவது இதுதான். வெறும் ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே எழுதியது அழியாது. கரண்ட் போய் வந்தாலும் அழியாது. கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதுதான் அழியும். அந்த நாள் வரும்வரை எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

எனவே முதல் வேலை, உங்கள் மாற்றங்கள் எல்லாம் கன்டெய்னருக்கு வெளியே, உங்கள் வட்டில் ஒரு கோப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அப்படி வெளியே வைக்க மூன்று இடங்கள் உண்டு: கம்போஸ் கோப்பு (எந்தச் செயலியை எப்படி ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்வது), சூழல் மாறிகள் (பெயரும் மதிப்புமாகச் செயலிக்குக் கொடுக்கும் அமைப்புகள்) உள்ள என்வ் கோப்பு, செயலியின் சொந்த அமைப்புக் கோப்பு அல்லது டேட்டாபேஸ். மூன்றையும் வெவ்வேறு ஆள், வெவ்வேறு நேரத்தில் படிக்கிறார்கள். "மாற்றினேன், ஏறவில்லை" என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல், யார் எப்போது படிக்கிறார்கள் என்பது தெரியாததால் வருவதுதான்.

ஃபோல்டர் ஒழுங்கு

சர்வரில் ஓப்ட் என்ற ஃபோல்டருக்குள் செயலிக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். பேப்பர்லெஸ்ஸுக்கு ஒன்று, ஜெல்லிஃபினுக்கு ஒன்று. அதன் கம்போஸ் கோப்பு, என்வ் கோப்பு, கான்ஃபிக் ஃபோல்டர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். எல்லாச் செயலிகளையும் ஒரே பெரிய கம்போஸ் கோப்பில் அடைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒன்றைக் கை வைக்கப் போய் இன்னொன்று நின்றால், வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கம்போஸ் கோப்பை மாற்றுவது

செயலியை உருவாக்கியவர்கள் ஒரு கம்போஸ் கோப்பைத் தந்திருப்பார்கள். அதில் நேரடியாகக் கை வைக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் அவர்கள் அதை மாற்றினால், எது அவர்கள் எழுதியது, எது நாம் எழுதியது என்று பிரித்துப் பார்க்கவே ஒரு நாள் போய்விடும்.

அதே ஃபோல்டரில் 'கம்போஸ் டாட் ஓவர்ரைட் டாட் யாமல்' என்று இன்னொரு கோப்பு போடுங்கள் ('ஓவர்ரைட்' முடிவது 'ஆர் ஐ டி இ' என்று). மூலக் கோப்பின் பெயர் 'டாக்கர் மைனஸ் கம்போஸ்' என்று தொடங்கினால், இதையும் அப்படியே தொடங்குங்கள். டாக்கர் இரண்டையும் தானாகச் சேர்த்துப் படிக்கும். நம் கோப்பில் மாற வேண்டிய வரிகள் மட்டும் இருந்தால் போதும்: மேலே 'சர்வீசஸ்', அடுத்த வரியில் இரண்டு இடைவெளி தள்ளிச் செயலியின் பெயர், அதற்கும் இரண்டு இடைவெளி தள்ளி நம் மாற்றம்.

சேர்க்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூழல் மாறிகளில் ஒரே பெயர் இரண்டு கோப்பிலும் இருந்தால் நம்முடையது ஜெயிக்கும். போர்ட் (செயலியை அடையும் வாசல் எண்) அப்படியில்லை. மூலத்தில் 8000 இருக்க, நாம் 8010 என்று எழுதினால் 8000 போய்விடாது, இரண்டும் திறந்திருக்கும். என் பெட்டியில் 8000-ஐ வேறொரு செயலி பிடித்து வைத்திருந்தது. மாற்றிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு, அதே பிழைச் செய்தியை அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். முழுதாக மாற்ற வேண்டுமானால் 'போர்ட்ஸ்' என்ற சொல்லுக்கும் முக்காற்புள்ளிக்கும் அப்புறம் ஆச்சரியக்குறியை ஒட்டி 'ஓவர்ரைட்' என்று எழுத வேண்டும். இது கம்போஸின் புதிய பதிப்புகளில்தான் நடக்கும்.

யாமல் (இந்தக் கோப்புகளை எழுதும் வடிவம்) எழுதும்போது கவனிக்க வேண்டியவை: டேப் விசையைத் தொடவே கூடாது, இடைவெளி விசை மட்டும்தான். போர்ட் எண்களை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவில் முக்காற்புள்ளி இருந்தால், சில சமயம் யாமல் அதை அறுபதின் அடிப்படையில் ஓர் எண்ணாகப் படித்துவிடும். 'எஸ்', 'நோ', 'ஆன்', 'ஆஃப்' போன்ற சொற்களுக்கும் மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் கோப்பின் தலையில் 'வெர்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். இப்போது அது வேண்டாம், எடுத்துவிடலாம். அதே வழிகாட்டிகளில் டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவில் கோடு போட்ட பழைய கட்டளை இருக்கும். அதற்கு 2023 ஜூலையோடு அப்டேட் நின்றுவிட்டது. இப்போது நடுவில் இடைவெளிதான்.

எழுதி முடித்ததும் எதையும் ஓட்டுவதற்கு முன்பு 'டாக்கர் கம்போஸ் கான்ஃபிக்' என்று தட்டுங்கள். எல்லாக் கோப்புகளையும் சேர்த்து, மாறிகளை நிரப்பி, டாக்கர் கடைசியில் எதைப் புரிந்துகொண்டது என்பதை அப்படியே காட்டும். எதுவும் ஓடாது, எதுவும் கெடாது. இந்த ஒரு கட்டளை அத்தானுக்குப் பழக்கமானதும் எனக்கு வரும் போன் பாதியாகிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: கடவுச்சொற்களும் அதில் அப்படியே தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

இரண்டு என்வ் கோப்பு, இரண்டு வேலை

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இதில் குழம்பாதவர்களே கிடையாது. ஃபோல்டரில் வெறும் 'டாட் என்வ்' என்று இருக்கும் கோப்பைக் கம்போஸ் படிக்கிறது. கம்போஸ் கோப்புக்குள் டாலர் குறியோடு வரும் இடங்களை நிரப்பத்தான் அது. அதில் எழுதியது தானாகக் கன்டெய்னருக்குள் போகாது. கன்டெய்னருக்குள் போக வேண்டியதைக் கம்போஸ் கோப்பில் 'என்விரான்மென்ட்' என்பதன் கீழே எழுத வேண்டும், அல்லது 'என்வ் அண்டர்ஸ்கோர் ஃபைல்' என்று ஒரு கோப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். பேப்பர்லெஸ்ஸோடு வரும் 'டாக்கர் மைனஸ் கம்போஸ் டாட் என்வ்' இரண்டாவது வகை. இம்மிச்சில் படங்கள் எங்கே சேர வேண்டும் என்பதை டாட் என்வ் கோப்பிலேயே மாற்றலாம், ஏனென்றால் அவர்களின் கம்போஸ் கோப்பு அந்த மாறியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

நீங்கள் எழுதியது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று ஊகிக்க வேண்டாம். 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப்சர்வர் என்வ்' என்று தட்டினால் கன்டெய்னருக்குள் இருக்கும் மாறிகள் எல்லாம் வரிசையாக வரும். வெப்சர்வர் என்பது பேப்பர்லெஸ்ஸின் கம்போஸ் கோப்பில் உள்ள பெயர். உங்கள் செயலிக்கு வேறாக இருக்கும்.

கடவுச்சொல்லில் டாலர் குறி வைத்தால் கம்போஸ் அதை மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். இடைவெளிக்குப் பின் வரும் கட்டக்குறியை (ஹேஷ்) குறிப்பு என்று நினைத்து அதற்கப்பால் படிக்காது. ஒற்றை மேற்கோளுக்குள் எழுதித் தப்பிக்கலாம். நான் அந்த வம்புக்கே போவதில்லை. எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து, நீளமாக முப்பது எழுத்துக்கு வைத்துவிடுவேன்.

ரீஸ்டார்ட் போதாது

அத்தான் செய்த இரண்டாவது தப்பு இது. என்வ் கோப்பைத் திருத்திவிட்டு 'டாக்கர் கம்போஸ் ரீஸ்டார்ட்' கொடுத்தார். பழைய மதிப்பே நின்றது. ரீஸ்டார்ட் என்பது இருக்கிற கன்டெய்னரை நிறுத்தி எழுப்புவது. சூழல் மாறிகள் கன்டெய்னர் பிறக்கும்போதே அதோடு ஒட்டிவிடுகின்றன, பிறகு மாறாது. 'டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி' என்று கொடுங்கள். எது மாறியிருக்கிறது என்று பார்த்து, மாறியதை மட்டும் அது புதிதாக உருவாக்கும். அதன் பின் 'டாக்கர் கம்போஸ் லாக்ஸ் மைனஸ் எஃப்' கொடுத்து இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். அமைப்பில் தவறு இருந்தால் பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே புலம்பத் தொடங்கிவிடும்.

மாறாக, நாம் வெளியிலிருந்து இணைத்திருக்கும் அமைப்புக் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால் 'அப்' கொடுத்துப் பயனில்லை. கம்போஸுக்கு அந்த மாற்றம் தெரியாது. அங்கே ரீஸ்டார்ட்தான் சரி.

பேப்பர்லெஸ்ஸுக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பது

நிறுவியதும் அது தமிழ்த் தாளை வாசிக்காது. கூடவே வருவது ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு. நம் பட்டாவைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளைக் கண்டபடி அள்ளித் தெளித்து வைக்கும். இதற்கு இரண்டு மாறிகள் வேண்டும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, 'பேப்பர்லெஸ் ஓசிஆர் லேங்குவேஜஸ்', பன்மை. எந்த மொழியை நிறுவ வேண்டும் என்று சொல்வது. இதற்கு மதிப்பு 'டி ஏ எம்' என்ற மூன்று எழுத்து. இன்னும் மொழி வேண்டுமானால் இடைவெளி விட்டு எழுத வேண்டும். இரண்டாவது, 'பேப்பர்லெஸ் ஓசிஆர் லேங்குவேஜ்', ஒருமை. நிறுவியதில் எதை வைத்து வாசிக்க வேண்டும் என்று சொல்வது. இதற்கு மதிப்பு 'டி ஏ எம்', ஒரு கூட்டல் குறி, 'இ என் ஜி', நடுவில் இடைவெளி இல்லாமல். நம் தாள்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வருவதால் இரண்டும் வேண்டும். வாசிப்பு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஒருமையை மட்டும் எழுதிப் பன்மையை விட்டால், அந்த மொழி நிறுவப்படவில்லை என்று தொடக்கத்திலேயே பிழை காட்டும்.

'அப் மைனஸ் டி' கொடுத்த பிறகு 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப்சர்வர் டெஸராக்ட் மைனஸ் மைனஸ் லிஸ்ட் மைனஸ் லேங்ஸ்' என்று தட்டிப் பாருங்கள். எழுத்துகளை வாசிக்கும் பொறியின் பெயர்தான் டெஸராக்ட். பட்டியலில் 'டி ஏ எம்' இருக்க வேண்டும். கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு முறையும் இந்த மொழித் தொகுப்பு இணையத்திலிருந்து இறங்குகிறது. எனவே இன்டர்நெட் இல்லாத நேரத்தில் 'அப்' கொடுத்தால் தமிழ் காணாமல் போகும். பயப்பட வேண்டாம், இணைப்பு வந்ததும் திரும்ப உருவாக்கினால் வந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் என் பெட்டியில் தமிழ் ஏறவில்லை. மாறி உள்ளே இருக்கிறது, மொழி பட்டியலில் இருக்கிறது, ஆனால் வாசிப்பது ஆங்கிலம் மட்டும். ஒரு சாயங்காலம் முழுதும் போனது. கடைசியில் பார்த்தால், நிறுவிய அன்று பேப்பர்லெஸ்ஸின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் நானே 'இ என் ஜி' என்று நிரப்பி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் நிரப்பியது டேட்டாபேஸில் சேர்கிறது. அங்கே ஒரு மதிப்பு இருந்தால் சூழல் மாறியை அது மதிக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக்கியதும் மாறி வேலை செய்தது. அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: ஒரு விஷயத்தை ஒரே இடத்தில்தான் வைப்பது. என்வ் கோப்பில் இருப்பதைத் திரையில் தொடுவதில்லை.

அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். பேப்பர்லெஸ்ஸின் இயல்பு, பிடிஎஃப்பில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் அதை நம்பி எடுத்துக்கொள்வது. எனவே 'சேரன்மகாதேவி' என்று தேடினால் அந்தக் கோப்பு வரவே வராது. 'பேப்பர்லெஸ் ஓசிஆர் மோட்' என்ற மாறிக்கு 'ஃபோர்ஸ்' என்று கொடுத்தால் உள்ளிருக்கும் எழுத்தைத் தள்ளிவிட்டு, பக்கத்தைப் படமாக்கிப் புதிதாக வாசிக்கும். அதை நிரந்தரமாக வைக்காதீர்கள், நல்ல பிடிஎஃப்பையும் படமாக்கிக் கோப்பைப் பெரிதாக்கும். பழைய எழுத்துருக் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து, ஒரு நாள் மாற்றி, ஏற்றி முடித்து, பழைய மதிப்புக்கே திரும்பிவிடுங்கள். மூலக் கோப்பு எப்படியும் அழியாமல் தனியாக இருக்கும்.

கையெழுத்துப் பத்திரங்களை டெஸராக்டால் வாசிக்க முடியாது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்களுக்கு நானே தலைப்பும் குறிச்சொல்லும் தட்டி வைத்தேன். வேறு வழியில்லை.

நேரம்: 'பேப்பர்லெஸ் டைம் ஸோன்' என்பதற்கு ஏசியா, சாய்கோடு, கொல்கத்தா (இரண்டு பெயருக்கும் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து). மற்ற பல செயலிகளுக்கு 'டி இஸட்' என்ற மாறி. இதை விட்டால் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் நடக்கும். விடிகாலை ஐந்தரைக்கு முன் சேர்த்த தாளுக்கு முந்தின நாள் தேதி விழும்.

செயலியின் சொந்தக் கோப்பை வெளியே கொண்டுவருவது

சில செயலிகள் மாறிகளை மதிக்காது, தங்கள் கோப்பைத்தான் படிக்கும். அதை வெளியே எடுக்க, முதலில் 'டாக்கர் சிபி' கட்டளையால் கன்டெய்னருக்குள் இருக்கும் மூலக் கோப்பை உங்கள் கான்ஃபிக் ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். நகலைத் திருத்துங்கள். பிறகு ஓவர்ரைட் கோப்பில் 'வால்யூம்ஸ்' என்பதன் கீழ் அந்த இடத்தோடு இணையுங்கள்: இடப்பக்கம் நம் பாதை, முக்காற்புள்ளி, வலப்பக்கம் உள்ளே இருக்கும் பாதை.

இந்த வரிசையை மாற்றினால் வம்பு. நம் பக்கம் கோப்பு இல்லாமலே இணைத்தால், டாக்கர் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடும். செயலி கோப்பைத் தேடி வந்து, ஃபோல்டரைப் பார்த்துவிட்டு விழுந்துவிடும். காலி ஃபோல்டரை உள்ளே நிறைந்திருக்கும் ஃபோல்டரின் மேல் இணைத்தாலும் அதே கதிதான், உள்ளே இருப்பது மறைந்துவிடும்.

முடிந்தால் தனிக் கோப்பை இணைக்காமல் ஃபோல்டரை இணையுங்கள். சில எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பில் எழுதாமல், புதுக் கோப்பை உருவாக்கி அதே பெயரை வைத்துவிடும். கன்டெய்னர் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியே ஒரு மாதிரியும் உள்ளே ஒரு மாதிரியும் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஜெல்லிஃபினில் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஒரு ஃபோல்டரில் போட்டு, இதே மாதிரி இணைத்து, பிளேபேக் அமைப்பில் ஃபால்பேக் எழுத்துரு ஃபோல்டராக அதைக் காட்டுங்கள்.

யாருடைய கோப்பு

'பெர்மிஷன் டினைடு' என்று லாக்கில் வந்தால் உடனே 777 (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி) போடச் சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். கன்டெய்னருக்குள் ஓடும் பயனரின் எண்ணும், வட்டில் கோப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். சர்வரில் 'ஐடி' என்று மட்டும் தட்டினால் உங்கள் எண் வரும், பெரும்பாலும் 1000. லினக்ஸ்சர்வர் டாட் ஐஓ தரும் இமேஜ்களில் இதை 'பி யூ ஐ டி', 'பி ஜி ஐ டி' என்ற மாறிகளில் கொடுக்க வேண்டும். பேப்பர்லெஸ்ஸில் 'யூசர்மேப் யூஐடி', 'யூசர்மேப் ஜிஐடி'. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஃபோல்டர் 999 என்ற எண்ணின் பெயரில் இருப்பது சரிதான். அதை 1000 ஆக்கித் 'திருத்த' வேண்டாம்.

டேட்டாபேஸ் கடவுச்சொல்

'போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்ட்' என்ற மாறியை டேட்டாபேஸ் ஒரே ஒரு முறைதான் படிக்கிறது: தன் ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் நாள். பிறகு நீங்கள் அதில் என்ன எழுதினாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் செயலி தன் பங்குக்குப் புதுக் கடவுச்சொல்லோடு போய் நிற்கும், டேட்டாபேஸ் உள்ளே விடாது. மாற்றியே ஆக வேண்டுமானால் முதலில் டேட்டாபேஸுக்குள் 'பிஎஸ்க்யூஎல்' வழியாகப் போய் மாற்றி, பிறகு என்வ் கோப்பை மாற்றுங்கள். உள்ளே போய் மாற்றாதே என்று மேலே சொன்னேனே என்று கேட்கலாம். டேட்டாபேஸின் ஃபோல்டர் நம் வட்டில் இருக்கிறது, வாடகை வீட்டில் இல்லை, அதனால் தங்கும். நெக்ஸ்ட்கிளவுட்டின் நம்பகமான முகவரிப் பட்டியலும் இப்படித்தான். மாறி முதல் நிறுவலின்போது மட்டும், பிறகு அதன் கான்ஃபிக் கோப்பில்தான் மாற்ற வேண்டும்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் போகும் நாள் எல்லாருக்கும் தெரியும். சொல்லாமல் போகும் நாள்தான் பிரச்சினை. ஒவ்வொரு சர்வீஸிலும் 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'அன்லெஸ் மைனஸ் ஸ்டாப்டு' என்று கொடுங்கள். கரண்ட் வந்ததும் தானாக எழும், நீங்களே நிறுத்தி வைத்தது மட்டும் நின்றபடி இருக்கும். மினி பிசியின் பயாஸில், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் போடுங்கள். அத்தானின் லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யூபிஎஸ்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் தரவை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு நாள் கரண்ட் வந்து பெட்டி எழுந்தபோது, டிஸ்க் இணைவதற்கு முன்பே டாக்கர் எழுந்துவிட்டது. அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை, எனவே டாக்கர் தானே ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கியது. திரையைத் திறந்தால் பேப்பர்லெஸ் புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி, புதுக் கணக்கு உருவாக்கச் சொல்கிறது. நானூறு சொச்சம் தாள்களைக் காணோம். எனக்கு வியர்த்துவிட்டது. டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது.

இதைத் தடுக்க, ஓவர்ரைட் கோப்பில் அந்த வால்யூமை நீண்ட வடிவில் எழுதுங்கள்: 'டைப்' என்பது 'பைண்ட்', 'சோர்ஸ்' நம் பாதை, 'டார்கெட்' உள்பாதை, அதன் கீழ் 'பைண்ட்' பிரிவில் 'கிரியேட் அண்டர்ஸ்கோர் ஹோஸ்ட் அண்டர்ஸ்கோர் பாத்' என்பதற்கு 'ஃபால்ஸ்'. சோர்ஸாக டிஸ்க் இணையும் ஃபோல்டரையே கொடுக்காமல், டிஸ்க்குக்கு உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள். டிஸ்க் வரவில்லை என்றால் அந்த ஃபோல்டர் இருக்காது, கன்டெய்னர் எழாமல் நின்றுவிடும். நாம் ஒரு தடவை 'அப்' கொடுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. காலி வீட்டில் புதுக்குடித்தனம் தொடங்குவதைவிட வாசலில் நிற்பது மேல்.

வாசற்கதவு

டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போகும். ஃபயர்வாலில் மூடியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வெளியே தெரிய வேண்டாத சர்வீஸுக்குப் போர்ட் எண்ணின் முன்னால் 127.0.0.1 என்றும் ஒரு முக்காற்புள்ளியும் சேர்த்துவிடுங்கள். டேட்டாபேஸுக்குப் போர்ட்டே திறக்க வேண்டாம், ஒரே கம்போஸில் இருக்கும் கன்டெய்னர்கள் தங்களுக்குள் பெயர் சொல்லியே பேசிக்கொள்ளும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் டெயில்ஸ்கேல் (நம் சாதனங்களைத் தனி வலையமைப்பாக இணைக்கும் செயலி) போதும். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி ஐபி முகவரி கிடையாது, பலருக்கும் பொதுவாக ஒன்றுதான். ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வந்து சேராது. ரிவர்ஸ் பிராக்ஸிக்கு (முன்வாசலில் நின்று கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் மென்பொருள்) பின்னால் வைப்பவர்கள் 'பேப்பர்லெஸ் யூஆர்எல்' என்ற மாறியில் முழு முகவரியைக் கொடுங்கள், முன்னால் எச்டிடிபிஎஸ் வேண்டும், கடைசியில் சாய்கோடு கூடாது. இல்லாவிட்டால் லாகின் பொத்தானை அழுத்தியதும் 403 வரும்.

பதிப்பு, நகல்

இமேஜ் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று விடாதீர்கள், முக்கியமாக டேட்டாபேஸுக்கு. போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து 16-க்கு இமேஜை மட்டும் மாற்றினால், பழைய தரவை அதனால் திறக்க முடியாது, எழவே எழாது. எண்ணைக் குறிப்பிட்டு நிறுத்திவையுங்கள். மாற்றும் நாளில் முதலில் தரவை வெளியே எடுத்து, புதியதில் ஏற்றுங்கள்.

கம்போஸ், ஓவர்ரைட், கான்ஃபிக் எல்லாவற்றையும் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிவு வைக்கும் மென்பொருள்) போட்டு வைக்கிறேன். என்வ் கோப்புகளை மட்டும் விலக்கிவிட்டு, அவற்றைக் கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். தரவுக்கு, 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப்சர்வர்' என்று தொடங்கி 'டாக்குமென்ட் அண்டர்ஸ்கோர் எக்ஸ்போர்ட்டர்' என்று எழுதி, இடைவெளி விட்டு இரண்டு புள்ளி, சாய்கோடு, 'எக்ஸ்போர்ட்'. தாள்களும் குறிச்சொற்களும் எக்ஸ்போர்ட் ஃபோல்டரில் வந்து விழும். அந்த ஃபோல்டர் வாரம் ஒரு முறை பாளையங்கோட்டையிலிருந்து அம்பைக்கும், அத்தானுடையது இங்கேயும் போகிறது. ஆறு இரண்டு ஊரையும் தொட்டுத்தான் ஓடுகிறது, ஆனால் அத்தான் வீடு மேட்டில், பெட்டி மாடியில்.

எடுத்த நகலை ஒரு முறையாவது ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அத்தானின் லேப்டாப்பில் வேறொரு ஃபோல்டரில், வேறு போர்ட்டில், என்னுடையதன் அதே பதிப்பில் ஒரு காலி பேப்பர்லெஸ்ஸை எழுப்பி, 'டாக்குமென்ட் அண்டர்ஸ்கோர் இம்போர்ட்டர்' கொடுத்தோம். இருபது நிமிடம் ஓடியது. தேடல் பெட்டியில் அத்தான் 'பாகப்பிரிவினை' என்று தட்டினார். சித்தி வீட்டுப் பத்திரம் வந்தது, ஓரத்தில் தண்ணீர்க் கறையோடு.